ஹெட்டைச் சீவும் முன் அளங்கள்: 4ஏ-எஃப்ஈ எஞ்சினில் கொம்பிரஷன் கூட்டும் முறை

எஞ்சினைக் கழற்றுவது, பூட்டுவது, ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குவது எல்லாம் இங்கே இல்லை. டைமிங் பெல்ட் மாற்றிய கைக்கு அது தெரியும். டர்போ இல்லாத பழைய கொரோலா எஞ்சினில் கொம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் எத்தனை மடங்கு நெருக்கப்படுகின்றன என்பதை, ஒரு படி ஏற்றுவது மட்டும்தான் பேச்சு. ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. அதன் அடிமுகத்தைச் சீவினால் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் சுருங்கும், கொம்பிரஷன் கூடும். போன வருடம் இதே வேலையில் நான் ஒரு ஹெட்டைப் பாழாக்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9.5-இலிருந்து 10.5-க்கு ஏற்றினால் ஏட்டுக் கணக்கில் கிடைக்கும் இலாபம் 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வண்டி பறக்காது. ஆனால் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போடப் போகிறவருக்கு இது அவசியம். அந்தக் கேமில் இன்டேக் வால்வு பிந்தி மூடுவதால் குறைந்த வேகத்தில் இழுவை செத்துப்போகும். கூடிய கொம்பிரஷன் அதைக் கொஞ்சம் மீட்டுத் தரும்.

கணக்கு எளிது. 4ஏ-எஃப்ஈயின் போர் (சிலிண்டர் விட்டம்) 81 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 77 மிமீ. ஒரு சிலிண்டருக்கு 396.8 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடத்தால் இதை வகுத்து 1 கூட்டினால் கொம்பிரஷன் விகிதம். 9.5 என்றால் மிஞ்சும் இடம் 46.7 சிசி, 10.5 என்றால் 41.8. வித்தியாசம் 4.9 சிசி. அவ்வளவையும் சீவினால் முடிந்தது என்று நினைத்தேன்.

கல்முனையில் லேத் வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஹெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முந்திச் சீவின ஹெட்டா?" என்று கேட்டார். "இல்ல காக்கா, கொம்பனி ஹெட்" என்றேன். எனக்கு முந்திய சொந்தக்காரர் காலத்தில் வண்டி கொதித்து, ஹெட் ஏற்கெனவே ஒருமுறை சீவப்பட்டிருக்கிறது. என் உண்மையான தொடக்கம் 46.7 அல்ல, 44 சிசி. அதிலிருந்து 4.9 போக மிஞ்சியது 39.1, விகிதம் 11.1-ஐத் தாண்டிவிட்டது. 92 ஒக்டேன் பெற்றோலில் கல்லடிப் பாலம் ஏறும்போது தகரப் பேணிக்குள் சரளைக்கல் குலுக்கிய சத்தம். பெற்றோல் கலவை தானாகவே வெடிக்கும் இதைத்தான் நொக் என்கிறோம். அதனால் புத்தக இலக்கத்தை விடுங்கள், உங்கள் எஞ்சினை அளங்கள்.

அளக்க ஒரு பியூரெட் (அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய்), கொஞ்சம் மண்ணெண்ணெய், கிரீஸ், பெயர்ப்பலகை செய்யும் கடையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டு போதும். பாமசி சிரிஞ்சை நான் விரும்புவதில்லை. மண்ணெண்ணெயில் அதன் ரப்பர் ஊதி இறுகிவிடும். வால்வும் பிளக்கும் பூட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, சேம்பர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஹெட்டில் உள்ள குழி) விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக்கை அழுத்துங்கள். துளைப் பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும், காற்றுக் குமிழி அங்கே வந்து வெளியேறும். எனக்கு 34.2 சிசி வந்தது. நான்கு சேம்பரையும் அளங்கள்.

அடுத்தது பிஸ்டன் தலை. இதைப் பலர் மறக்கிறார்கள். டயல் கேஜ் வைத்து உச்சியிலிருந்து சரியாக 10 மிமீ இறக்கி, சுற்றிலும் கிரீஸால் அடைத்து, மேலே அக்ரிலிக் வைத்து நிரப்புங்கள். வெறும் உருளை என்றால் 51.5 சிசி பிடிக்கும். எனக்கு 55 பிடித்தது, மேலதிகமான 3.5 பிஸ்டன் குழிக்கும் டெக்குக்கும் (உச்சியில் பிஸ்டனுக்கும் புளொக்கின் மேல்முகத்துக்கும் உள்ள இடைவெளி) சேரும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் இறுகிய கஸ்கட் 1.2 மிமீ தடிப்பு, 82 மிமீ துளை: 6.3 சிசி. மூன்றையும் கூட்டினால் 44.

எவ்வளவு சீவுவது? 1 மிமீக்கு இத்தனை சிசி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சேம்பர் வாய் முழு வட்டமல்ல, சரிவும் உண்டு. 44-இலிருந்து 41.8-க்கு வர நான் 2.2 சிசி குறைக்க வேண்டியிருந்தது. எனவே இரண்டாவது ஹெட்டை மட்டம் பார்த்து வைத்து, சேம்பருக்குள் 32 சிசி மட்டும் ஊற்றி, விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு கீழே நிற்கிறது என்று டெப்த் கேஜால் அளந்தேன். அந்த ஆழம்தான் சீவும் அளவு.

பூட்டும் முன் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, பழைய கஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வு அமுக்கிய இடத்தில் மிஞ்சிய களிமண்ணின் தடிப்பை அளங்கள்: இன்டேக் பக்கம் 2 மிமீ, எக்ஸோஸ்ட் பக்கம் 2.5 மிமீக்குக் குறையக் கூடாது. ஹெட் கீழே இறங்குவதால் பெல்ட் வழியாகக் கேம் சற்றுப் பிந்தும். வசதி இருந்தால் அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய கேம் புல்லி வாங்குங்கள். பளபளக்கும் ஏர் பில்டருக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

10.5-இலும் நான் 95 ஒக்டேன்தான் அடிக்கிறேன். மட்டக்களப்பு கடல் மட்டம், காற்று அடர்த்தி, வெயிலும் சேரும். நுவரெலியாவில் சத்தமில்லாமல் ஓடும் எஞ்சின் இங்கே நொக் பண்ணலாம். செங்கலடி–பதுளை வீதியில் நாலாம் கியரில் ஏறிப் பாருங்கள். கிணுகிணுத்தால் டிஸ்ட்ரிபியூட்டரை 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பிளக் துளையில் பூட்டும் கொம்பிரஷன் கேஜில் 180 பிஎஸ்ஐ காட்டுகிறது, விகிதம் எவ்வளவு என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதிலிருந்து விகிதம் எடுக்க முடியாது; கேமும் பற்றரியும் ஸ்டாட்டர் வேகமும் அந்த எண்ணை மாற்றும்.

சம்மாந்துறை நண்பர் ஒருவருக்கு வேறு சிக்கல்: அளக்கும்போதே மண்ணெண்ணெய் மட்டம் மெல்ல இறங்குகிறது. அது வால்வு சீட் கசிவு. பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, சேம்பரை மறுபடி முதலிலிருந்து அளங்கள். தேய்த்தால் வால்வு சற்று உள்ளே இறங்கும், பழைய எண் செல்லாது.