சங்கீதம் சொல்லிக்கொண்டே நெடுந்தூரம் ஓடிப் பழக

புதிதாக ஓட வருகிறவர் முதல் கிலோமீட்டரிலேயே வேகத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மூன்றாவதில் மூச்சு முட்டி நிற்கிறார். உபவாசக் கூட்டம் முடிந்த மறுநாளே பத்து அதிகாரம் வாசிக்கத் தொடங்கி, இரண்டாம் வாரம் வேதத்தை மூடிவைப்பதும் இதே தவறுதான். எபிரெயர் 12:1 கேட்பது ‘பொறுமையோடே’ ஓடும் ஓட்டம்.

வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். 23-ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். ஒரு வரியை மூச்சிரைக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘கர்த்தர் என்’ என்பதிலேயே மூச்சு அறுந்தால் குறையுங்கள். பாடவே முடிகிறதா? கொஞ்சம் கூட்டலாம்.

முதல் மாதம் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. இப்படி ஆறு முறை, வாரம் மூன்று நாள். நடப்பதற்கு வெட்கப்படாதீர்கள், ஏசாயா 40:31-இல் நடக்கிறவர்களுக்கும் வாக்குத்தத்தம் உண்டு. பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்ட வேண்டாம். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உரமேற மாதக்கணக்காகும். அவசரக்காரர்களுக்கு முன்னங்கால் எலும்பு வலிப்பது அதனால்தான். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஓடாதீர்கள். விட்டுப்போன வேதவாசிப்புக்கும் அப்படியே: அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். நீண்ட ஓட்டம் சனிக்கிழமை. ஞாயிறு ஆராதனையில் தூங்கி வழியக் கூடாது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டிகள் இல்லை, தளமும் சமம். கடலூர் சில்வர் பீச்சில் உலர்ந்த மணல் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும். ஈர மணல் கெட்டியானது, ஆனால் கடலை நோக்கிச் சரிவு. போன வழியே திரும்பி வந்தால்தான் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும்.

எபிரெயர் 12:1 ‘பாரமான யாவற்றையும்’ பாவத்திலிருந்து பிரித்துச் சொல்கிறது. கையில் பிடித்த போன் பாவமல்ல, பாரம். ஓடும்போதும் ஜெபிக்கும்போதும் அது பைக்குள் இருக்கட்டும்.

கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடம்பு ஆறாது. கோடையில் காலை 6.30-க்குள் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, இடையிடையே குடியுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் ஒரு வசனம், அடுத்தவர் அடுத்தது. கூட ஓடுகிறவருக்கு நாக்குக் குழறினாலோ தெரிந்த வசனம் தடுமாறினாலோ உடனே நிறுத்துங்கள். நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, 108-ஐ அழையுங்கள்.