ஏபி யூனிட்டுகள் கல்லூரியின் யூனிட் வரம்பில் சேருமா? கணக்குப் போடும் முறை

அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடிப்பதற்குள் ஏபி (Advanced Placement: ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மூலம் இருபது முப்பது யூனிட் (கல்லூரிப் பாடங்களை அளக்கும் கணக்கு) சேர்த்துவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. அட்மிஷன் கிடைத்ததும் வீட்டில் ஒரு பயம் வரும்: கல்லூரியில் இத்தனை யூனிட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறதே, இதெல்லாம் அதில் கழிந்துவிடுமோ? பெரும்பாலும் கழியாது. இந்தப் பயத்தில் தேர்வையே தவிர்ப்பது பெரிய நஷ்டம். யுசிஎல்ஏவின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: மதிப்பெண்ணை யூனிட்டாக மாற்றுங்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் யூனிட் கிடைக்கும். கால்குலஸ் BC, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகியவற்றுக்குத் தலா 8 குவார்ட்டர் (சுமார் பத்து வாரப் பருவம்) யூனிட், உளவியலுக்கு 4. நான்கிலும் தேறினால் 28. கால்குலஸ் AB, கால்குலஸ் BC என்ற இரண்டு தேர்வையும் எழுதினாலும் சேர்த்து 8தான். அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செமஸ்டர் முறை என்பதால் அந்த 8 அங்கே 5.3 ஆகும்.

படி 2: மூன்று கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள்

குழப்பமெல்லாம் இங்கேதான். முதல் கணக்கு, பட்டத்துக்கான குறைந்தபட்சம்: 180. நம் 28 இதில் சேரும். ஆனால் யூனிட் நிறைந்தால் மட்டும் போதாது, மேஜருக்கான (முதன்மைப் பாடப்பிரிவு) பாடங்களையும் முடித்தாக வேண்டும்.

அடுத்தது, எத்தனையாவது ஆண்டு மாணவர் என்பது. 45 யூனிட் வந்தால் சோஃபமோர், அதாவது இரண்டாம் ஆண்டு மாணவர். 28 யூனிட்டோடு நுழைந்து குவார்ட்டருக்கு 15 எடுக்கும் பிள்ளைக்கு இரண்டாவது குவார்ட்டர் முடிவில் 58 இருக்கும். ஏபி எழுதாதவருக்கு 30தான். பாடங்களுக்குப் பதிவு செய்யும் வரிசையில் இது பெரிதும் உதவும்.

மூன்றாவதுதான் உச்சவரம்பு: 216. ஏபியில் வந்த அளவுக்கு இதைத் தாண்டிப் போக அனுமதி உண்டு. அதாவது 216 + 28 = 244. மேஜர் மாற்றவோ இரண்டாவது மேஜர் எடுக்கவோ நினைக்கும் பிள்ளைக்கு ஏபியால் இடம் குறையாது.

படி 3: ஒரே பாடம் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள்

ஏபியில் யூனிட் வாங்கிய அதே பாடத்தைக் கல்லூரியிலும் எடுத்தால் இரண்டுக்கும் யூனிட் தர மாட்டார்கள். பட்டம் தருவதற்கு முன் கழித்துவிடுவார்கள். அஸ்திவாரம் பலமாக வேண்டும் என்று தெரிந்தே கால்குலஸைத் திரும்பப் படித்தால் தப்பே இல்லை. மொத்தத்தில் மட்டும் அதை இருமுறை கூட்டாதீர்கள்.

படி 4: டூயல் என்ரோல்மென்ட்டைத் தனியே எழுதுங்கள்

ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடங்கள் டிரான்ஸ்ஃபர் யூனிட்டாக (வேறு கல்லூரியிலிருந்து மாற்றிக்கொண்டு வருபவை) வரும். இதில்தான் உஷாராக இருக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் வரம்பு பொதுவாக 200. ஏபி, ஐபி (International Baccalaureate என்ற பள்ளிப் பாடத்திட்டம்) யூனிட்டுகளை அதில் சேர்ப்பதில்லை. மேஜருக்கோ பொதுக்கல்விக்கோ பயன்படும் டிரான்ஸ்ஃபர் யூனிட்டுகளைச் சேர்ப்பார்கள்.

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பிரச்சினை வேறு மாதிரி. பட்டத்துக்குத் தேவையானதைவிட 30 கிரெடிட் மணிநேரம் (அங்கே யூனிட்டுக்குச் சொல்லும் பெயர்) அதிகமாக எடுத்தால் கூடுதல் கட்டணம் வாங்கலாம். தேர்வு எழுதிப் பெற்ற கிரெடிட் அந்தக் கணக்கில் வராது.

படி 5: டிகிரி ஆடிட்டில் சரிபாருங்கள்

ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வழியாக ஸ்கோரை அனுப்பிய பிறகு, 28ம் ஏறிவிட்டதா என்று டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கல்லூரியின் பட்டியல்) பாருங்கள். அப்புறம் பிள்ளையைக் கவுன்சிலரிடம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "என் யூனிட்டுகளில் எவையெல்லாம் உச்சவரம்பில் சேர்கின்றன?" பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.