ஸ்னீக்கி பீட் மாதிரி வாசிக்க ஆசையா? பெடல் ஸ்டீல் இல்லாமலே ஆரம்பிக்கலாம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் கிட்டார் வைத்திருக்கும் பையன்களுக்குச் சொல்கிறேன். பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து, தந்திமேல் ‘பார்’ என்ற உலோக உருளையைச் சறுக்கி, காலால் பெடல் மிதித்து வாசிக்கிற கிட்டார்) வாங்கினால்தான் கன்ட்ரி ராக் (அமெரிக்கக் கிராமியப் பாணியும் ராக்கும் கலந்த இசை) பக்கமே போக முடியும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பாலக்காட்டில் தேடினாலும் கிடைக்காது, கோயம்புத்தூர் போனாலும் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியும் கப்பல் கூலியும் சேர்ந்து ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் விலைக்கு மேலே நிற்கும். வீட்டில் கிடக்கும் பழைய கிட்டாரை மடியில் போட்டே பெடல் ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோவிடமிருந்து எடுக்க வேண்டியதில் பாதியை எடுத்துவிடலாம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1934-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தவர், 2007-ல் இறந்தார். கம்பி (‘கம்பி’ என்றால் நம்ம கம்பி இல்லை, ‘கம்ப்பி’ என்ற களிமண் பொம்மை) தொடருக்கு பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடிக்கிற வேலை பார்த்தவர். பிறகு கிராம் பார்சன்ஸ், கிறிஸ் ஹில்மன் ஆகியோருடன் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் சேர்ந்தார். 1969-ல் வந்த ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ அவர்களுடைய முதல் ஆல்பம். அதுவரை ஸ்டீல் என்றால் பெரும்பாலும் பாடகருக்குப் பின்னால் நின்று அழுகிற வாத்தியம். இவர் எட்டுத் தந்தி ஃபெண்டர் 400 பெடல் ஸ்டீலை ஃபஸ் பெட்டியில் (ஓசையைக் கரகரப்பாக்குகிற பெட்டி) சொருகி, ராக் குழுவில் லீட் கிட்டார் நிற்கிற இடத்தில் நிறுத்தினார்.

கேட்கும்போது ஆல்பம் முழுவதையும் ஓடவிட்டுத் தலையாட்டினால் ஒன்றும் ஒட்டாது. இரண்டு பாட்டு போதும். ‘சின் சிட்டி’யில் ஸ்டீல் சுத்தமாக, ஃபஸ் இல்லாமல் கேட்கும், ‘கிறிஸ்டீன்ஸ் ட்யூன்’ பாட்டில் ஃபஸ் போட்டு உறுமும். ஹெட்ஃபோன் மாட்டி, யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கி, இரண்டு மூன்று விநாடித் துண்டு ஒன்றை மட்டும் எடுத்து வாயால் பாடுங்கள். வாயில் வராதது கையில் வரவே வராது. ‘எந்த ஃபிரெட்’ என்று தேடுவதெல்லாம் அப்புறம்.

இனி முக்கியமான விஷயம். பெடல் ஸ்டீலில் பெடல் என்ன செய்கிறது என்று புரியாமல்தான் நம்மில் பலர் இந்த ஓசையைக் கண்டபடி இழுத்துக் கெடுக்கிறார்கள். கன்ட்ரியில் அதிகம் புழங்கும் இ நைன்த் ட்யூனிங்கை நம் கணக்கில் சொல்கிறேன். மூன்று கட்டையை ஸட்ஜமாக வையுங்கள். ஸ, அந்தர காந்தாரம், ப என்று மூன்று தந்தி சேர்ந்து ஒலிக்கிறது. ஏ பெடலை மிதித்தால் ப மட்டும் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். பி பெடலை மிதித்தால் க மட்டும் சுத்த மத்யமத்துக்கு ஏறும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஸ-க-ப என்பது ஸ-ம-த ஆகிவிடும், ஆனால் ஸ இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் நகர, மற்றவர்கள் அப்படியே நிற்பது. பொம்மையின் ஒரு கையை மட்டும் நகர்த்திப் படம் எடுக்கிறவருக்கு இது ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கு ஒரு யோசனை உண்டு, அது என் கற்பனையாகவே இருக்கட்டும்.

செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண்ணில் வளர்ந்த காதுக்கு இங்கேதான் சிக்கல். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய நமக்கு மரக்கட்டையோ இரும்போ தந்தியில் வழுக்கினாலே கமகம்தான் ஞாபகம் வரும், கை தானாக எல்லா ஸ்வரத்தையும் ஆட்டும். அது நமக்குச் சொத்துதான், இங்கே மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும். கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பயிற்சி செய்யுங்கள்: இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு, ஒருவரை ஸ பிடிக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் க பிடிக்கட்டும், நீங்கள் ப-விலிருந்து த-வுக்கு மெதுவாக ஏறி, ஆட்டாமல் நிறுத்துங்கள். அந்த மூன்று குரல் சேரும் இடத்தில் உங்களுக்கே ‘அட, இதுதானா’ என்று தோன்றும்.

சரி, கிட்டார். நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) தந்திகள் உயர வேண்டும். கடையில் நட் எக்ஸ்டெண்டர் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு சின்ன உலோகத் துண்டை நட்டின் மேல் தந்திகளுக்கு அடியில் நுழைத்து, பார் ஃபிரெட்டில் இடிக்காத அளவுக்கு உயர்த்தினால் போதும். ட்யூனிங் ஓபன் டி (எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும்), தடித்த தந்தியிலிருந்து ஸ ப ஸ க ப ஸ, சுருதி இரண்டு கட்டை. ஐந்தாம், நான்காம் தந்திகளைத் தொட வேண்டாம், மற்ற நாலையும் இறக்கத்தான் போகிறோம், அதனால் கிட்டார் கழுத்துக்கு ஆபத்தில்லை. அக்கூஸ்டிக் செட்டில் மூன்றாம் தந்தி சுற்றுத் தந்தியாக வரும், அதைக் கழற்றிவிட்டு 18 கேஜ் (0.018 அங்குலத் தடிமன்) ப்ளெயின் தந்தி போடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

பாருக்குக் கஞ்சிக்கோடு பக்கம் ஏதாவது லேத் பட்டறைக்குப் போய், 19 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடில் 70 மில்லிமீட்டர் வெட்டி, ஒரு முனையை உருண்டையாகக் கடைந்து தரச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட 150 கிராம் இருக்கும். முதலில் 600, பிறகு 1200 எமரி பேப்பர் போட்டு, பாத்திரத்துக்கு பஃப் அடிப்பவரிடம் கொடுத்து மெருகேற்றுங்கள். நகத்தால் வருடினால் ஒரு கோடு கூடத் தட்டுப்படக் கூடாது. இந்த வேலையில் அவசரப்பட்டால் ஒவ்வொரு சறுக்கலுக்கும் கீச்சுச் சத்தம் வரும். வலது கைக்குக் கட்டைவிரல் பிக்கும் இரண்டு விரல் பிக்கும். வீணை மீட்டைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், இங்கே விரல் கீழிருந்து மேலே எடுக்கும்.

பாரைக் கட்டைவிரலும் ஆட்காட்டி, நடு விரல்களும் பிடிக்கட்டும், மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால், நட் பக்கத்துத் தந்திகள்மேல் படுத்துக் கிடக்கட்டும், இல்லையென்றால் பின்பக்கமும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஃபிரெட்டுக்கு நடுவில் இல்லை, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே பார் நிற்க வேண்டும், கண்ணும் அதற்கு நேர் மேலே. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்வரம் நழுவும். சுருதிப் பெட்டியோடு இதை மட்டும் நிறைய நாள் செய்யுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும்.

இப்போது பெடல் வேலை. ஐந்தாம் ஃபிரெட்டில் பாரை வைத்து நான்கு, மூன்று, இரண்டு ஆகிய தந்திகளைச் சேர்த்து மீட்டுங்கள். ஒலி நிற்கும்போதே மோதிர விரலால் மூன்றாம் தந்தியைப் பாருக்குப் பின்னால் கொக்கி போட்டு உங்கள் பக்கம் இழுங்கள், க ஏறி ம ஆகும், மற்ற இரண்டும் அசையாது. அரை ஸ்வரம்தான், ப்ளெயின் தந்தியாக இருந்தால் வளையும், சுற்றுத் தந்தியாக இருந்தால் விரல்தான் வளையும். இது கைக்கு வந்த பிறகு இரண்டாம் தந்தியை இழுத்து ப-வை த-வுக்கு ஏற்றிப் பாருங்கள், அது முழு ஸ்வரம், வலிக்கும். நட்டை ஒட்டி இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டில் முயற்சி செய்தால் விரலுக்கே இடமில்லை, மேலே தள்ளி வாருங்கள். இரண்டையும் ஒன்றாக இழுக்க முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அதற்காகத்தான் அவர்கள் பெடலையே கண்டுபிடித்தார்கள்.

மீட்டிய அடுத்த நொடியே தேவையில்லாத தந்தியை வலது உள்ளங்கை விளிம்பால் அணைப்பதும் பழக வேண்டும். இதைச் செய்தால் கேட்பவர் கவனிக்க மாட்டார், செய்யாவிட்டால் உடனே கவனிப்பார்.

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் வால்யூம் பெடலை முழுவதும் மிதிக்காமல் மீட்டி, ஒலி தேயத் தேய மிதித்துக்கொண்டே போனால் ஸ்வரம் நீண்டு நிற்கும். ஃபஸ் போடும்போது இந்த வித்தை தேவைப்படாது, அதுவே இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஃபஸ்ஸில் மூன்று தந்தியைச் சேர்த்து மீட்டினால் கூழாகிவிடும். ஒற்றைத் தந்தி, மிஞ்சினால் ஸ-ப ஜோடி.

உங்கள் மெல்லிசைக் குழுவில் இதை நுழைக்க வேண்டுமென்றால் சோகப் பாட்டாகத் தேடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் போவார்கள். வேகமான குத்துப் பாட்டில் கீபோர்டு வாசிக்கிற பிஜிஎம் ஒன்றை, நாலு வரி போதும், கீபோர்டுக்காரரிடம் கேட்டு வாங்கி ஃபஸ் போட்ட ஸ்டீலில் வாசியுங்கள். ஆம்பில் ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், திருவிழா ஹார்ன் ஸ்பீக்கரில் ஸ்டீல் ஓசை காதைக் கிழிக்கும், கமிட்டிக்காரர் மேடைக்கே வந்துவிடுவார்.