டீசல் பிக்கப்பில் டிபிஎஃப் சுத்தம்: கேஜ் மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

2007-ல் அமெரிக்காவில் டீசல் புகை விதிகள் இறுகிய பிறகு வந்த பெரிய பிக்கப் வண்டிகள் எல்லாவற்றிலும், ஃபோர்டோ ராமோ ஜிஎம்மோ, சைலன்சர் குழாயின் நடுவில், புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உட்கார்ந்திருக்கும். வண்டி அதைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு ரீஜென் என்று பெயர். எப்போது செய்கிறது, எவ்வளவு முடிந்தது என்பதை டேஷ்போர்டு முழுதாகச் சொல்லாது. சில மாடல்களில் ஒரு வரி செய்தி வரும், அவ்வளவுதான். அதனால்தான் பலரும் இந்த அளவுகளைக் காட்டும் திரையான கேஜ் ஒன்றை வெளியிலிருந்து வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய மறுநாளே வாரண்டி பயம் வந்துவிடுகிறது.

முதலில் உள்ளே என்ன சேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சேர்வது இரண்டு: கரி, சாம்பல். விறகடுப்பு மாதிரிதான். கரியை எரித்துவிடலாம், சாம்பலை அள்ளித்தான் ஆகவேண்டும். டீசல் சரியாக எரியாததால் வருவது கரி. ரீஜென் எரிப்பது அதைத்தான். எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருவது சாம்பல். அதை எந்த ரீஜெனும் அசைக்காது. டிபிஎஃப் உள்ள வண்டிக்குக் குறைந்த சாம்பல் தரும் ஆயில்தான் ஊற்றவேண்டும் என்பது இதனால்தான். டப்பாவில் சிகே-4 என்ற டீசல் ஆயில் தரம் போட்டிருக்கிறதா, உங்கள் வண்டிக் கம்பெனி கேட்கும் தரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 1: கேஜ் தேர்வு. கடையில் மூன்று விதம் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்து மட்டும் காட்டுவது ஒன்று. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு வெப்பக் கம்பி இறக்குவது இன்னொன்று. மூன்றாவது, கேஜ் போலவே திரை இருந்தாலும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் புது ட்யூனை, அதாவது எஞ்சின் ஓடும் முறைக்கான கட்டளைகளை, எழுதிவிடும் ட்யூனர். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வகை போதும். வாரண்டி இருக்கும் வண்டியில் துளை போடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். துளையிலிருந்து ஒரு துண்டு இரும்புத்தூள் டர்போவுக்குள் போனால், அப்புறம் டீலர் கைவிரிப்பதில் நியாயம் இருக்கும்.

வாங்குமுன் உங்கள் மாடல், வருடத்துக்கு அது கரி அளவு, டிபிஎஃப் வெப்பம், ரீஜென் நிலை இவற்றைக் காட்டுமா என்று கேளுங்கள். 2018-க்குப் பிந்தைய ராம் வண்டிகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால், வெளிச்சாதனங்களைத் தடுக்கும் ஒரு மின்னணுப் பாதுகாப்புக் கதவு வைத்திருக்கிறார்கள். சும்மா படிப்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. அதைச் சுற்றிப்போகத் தனி வயர் வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தால், வாரண்டி முடியும்வரை அந்தச் சாதனம் வேண்டாம்.

படி 2: மாட்டுவது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுச் செருகுங்கள். வயர் பிரேக் பெடல் பக்கம் தொங்கக்கூடாது. டேஷ்போர்டின் அடிப்பக்கமாகக் கொண்டுபோய் கிளிப் போட்டு இறுக்குங்கள். திரையில் பத்து எண்களைக் குவிக்காதீர்கள். கரி சதவீதம், டிபிஎஃப் வெப்பம், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், கூலண்ட் வெப்பம் என நான்கு போதும்.

படி 3: உங்கள் வண்டியின் வழக்கத்தைப் படியுங்கள். சில வாரம் ஓட்டி, ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மைல் என்று குறித்து வையுங்கள். அடுத்தவர் வண்டி எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. டிரெய்லர் இழுப்பவருக்கு ஒரு கணக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புபவருக்கு வேறு கணக்கு.

படி 4: ரீஜென் நடக்கும்போது. வெப்பம் மளமளவென்று ஏறி 1,000 முதல் 1,200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும், அதாவது சுமார் 540 முதல் 650 செல்சியஸ். கேஜ் கையில் இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள், திரையில் 1,100 நிற்கிறது என்றால் அணைக்காதீர்கள். ஹைவேயில் ஒரு சுற்று போய்வாருங்கள். பாதியில் அணைப்பது வழக்கமாகிவிட்டால் கரி எரியாமலே சேரும். கரியை எரிக்கச் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் தெளிக்கும் மாடல்களில், அந்த டீசலும் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: அளவு மேல் கோட்டைத் தாண்டி, விரலில் தேய்த்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆயில் கூடுவதை நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது ஆபத்து. அந்தச் சூட்டோடு காய்ந்த புல் மேல் நிறுத்தவும் வேண்டாம். வண்டியோடு வயலும் பற்றிக்கொள்ளும்.

படி 5: டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால். முதலில் ஹைவேயில் ஒரே வேகத்தில் அரைமணி போல ஓட்டுங்கள். அதற்கும் கரி அளவு இறங்காவிட்டால், நின்ற இடத்திலேயே ரீஜென் செய்யும் வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் திறந்தவெளியில், காங்கிரீட் மேல் செய்யுங்கள். கராஜுக்குள் கூடவே கூடாது.

ரீஜென் இடைவெளி வரவரக் குறைந்தால் வடிகட்டியை மட்டும் பழிக்காதீர்கள். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவது, டர்போ குழாயில் கசிவு, எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது எல்லாமே கரியைக் கூட்டும். மூலத்தைச் சரிசெய்யாமல் வடிகட்டியைக் கழுவினால் பணம்தான் போகும்.

படி 6: சாம்பல் எடுப்பது. நிறைய மைல் ஓடிய வண்டிக்குத்தான் இது. கழற்றி, டிபிஎஃப் சுத்தம் செய்யும் கடையில் கொடுங்கள். எடை போட்டு, எதிர்ப்பக்கமிருந்து காற்று அடித்து, தேவைப்பட்டால் சூளையில் சுட்டு, கடைசியில் காற்று எவ்வளவு போகிறது என்று அளந்து தருவார்கள். முன்பின் இரண்டு அளவையும் எழுதி வாங்குங்கள். வீட்டில் பிரஷர் வாஷரால் அடிக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான், மேலே விலையுயர்ந்த உலோகப் பூச்சு; பறந்துவரும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, கம்ப்யூட்டரில் சாம்பல் கணக்கை மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். இதை மறந்தால் சுத்தமான வடிகட்டியையும் வண்டி அழுக்கு என்றே நினைக்கும்.

இனி வாரண்டி. 1975-ல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளிச்சாமான் மாட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்டவேண்டும். படிக்க மட்டும் செய்யும் கேஜ் இன்ஜெக்டரைக் கெடுத்தது என்று காட்டுவது கடினம். ட்யூனர் கதை வேறு: பழைய ட்யூனைத் திரும்பப் போட்டாலும் கம்ப்யூட்டரில் தடயம் இருக்கும், டீலர் கண்டுபிடித்துவிடுவார். டிபிஎஃபையே அறுத்து எறியும் டிலீட் கிட் வாரண்டிக்கு அப்பாற்பட்ட விஷயம். அது அமெரிக்க மத்திய அரசின் தூய்மைக் காற்றுச் சட்டத்தை மீறுவது.

டீலரிடம் போகுமுன் கேஜைக் கழற்றி வையுங்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மலிவான சாதனங்கள் சிலநேரம் வண்டியின் தகவல் கம்பியில் குறுக்கிட்டுப் போலிப் பிழை காட்டவைக்கும். கழற்றினால் பிழை கேஜினுடையதா வண்டியினுடையதா என்று தெரிந்துவிடும். ஆனால் பிழைக் குறியீட்டை நீங்களே அழித்துவிட்டுப் போகாதீர்கள். பழுது வந்த நொடியின் வெப்பமும் வேகமும் அதோடு பதிவாகியிருக்கும். உங்கள் பக்கம் பேசும் சாட்சி அதுதான். ஆயில் ரசீதுகளையும் எடுத்துப் போங்கள். அதற்குப் பிறகும் "கேஜ் இருந்தது, அதனால் முடியாது" என்று சொன்னால், எந்தப் பாகம், எப்படிக் கெட்டது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பதினெட்டுச் சக்கர லாரி வைத்திருப்பவர்கள் மேக்னசன்-மாஸ் சட்டத்தை நம்பி இறங்கவேண்டாம். அது பொதுவாகச் சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்கும் பொருட்களுக்கானது. உங்களுக்கு எஞ்சின் கம்பெனியின் ஒப்பந்தத்தில் உள்ளதுதான் கணக்கு.