நண்பர்களைப் பாராட்டப் போய்த் திட்டிவிடாதீர்கள்: சீன மரபுத்தொடர்களில் வரும் தவறுகள்

சீனத்தில் பெரும்பாலும் நான்கெழுத்தில் அமையும் மரபுத்தொடர்களுக்குச் 'செங்யூ' என்று பெயர். ஒத்த மனமுள்ளவர்களைப் பற்றி அதில் ஏராளம் உண்டு. தொடர் பிறந்த கதையைப் படித்துவிட்டு, அதே பொருளில் இன்றும் எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பல தொடர்கள் வரும் வழியிலேயே வசவாகிவிட்டன.

'ஹாங்ஷியே யீச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தாங் வம்சக் காலம், 875ஆம் ஆண்டு. அரசுத் தேர்வை நடத்தியவர் சுய் ஹாங். அவர் தேர்ச்சி கொடுத்தவர்களில் ஒருவர் சுய் ஷியே. குடும்பப் பெயர் ஒன்றே. மற்ற இரண்டையும் சேர்த்தால் 'ஹாங்ஷியே', அதாவது இரவுப் பனி. ஊர் சும்மா இருக்குமா? "தேர்வு நடத்தியவரும் மாணவரும் ஒரே பனி, ஒரே மூச்சு" என்று கிண்டலடித்தது. அன்று அது வார்த்தை விளையாட்டு. இன்றோ 'கூட்டுக் களவாணிகள்' என்று பொருள். நண்பர்களைப் பார்த்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

'மணம் ஒத்தவர்கள்' எனப்படும் 'சோவெய் ஷியாங்தோ'வும் அப்படித்தான். முதல் எழுத்தை முன்பு 'ஷியூ' என்று வாசித்தார்கள். எந்த மணத்துக்கும் அது பொது. கி.மு. 565இல் லூ நாட்டு அமைச்சர், ஜின் நாட்டு விருந்தாளியிடம், "செடிகொடியாகச் சொன்னால், எங்கள் மன்னர் உங்கள் மன்னரின் மணம்" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் நம் 'நாற்றம்' பட்ட பாடுதான் அதற்கும். இப்போது கெட்ட பழக்கத்தில் ஒட்டிக்கொண்டவர்களைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள்.

'ஒரே குன்றின் ரக்கூன் நாய்கள்' என்பது ஹான் வம்சக் காலத்து அதிகாரி யாங் யுன் சொன்னது. அன்றும் இன்றும் ஆட்சி ஒன்றுதான் என்ற பொருளில் சொன்ன அந்தப் பேச்சும் அவர்மேல் வந்த புகாரில் சேர்ந்தது, பதவி போயிற்று. இன்றைக்கு அது ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளுக்கு.

சரி, பாராட்ட எது? 'ஜிதொங் தாவ்ஹ'. இலட்சியமும் பாதையும் ஒன்றானவர்கள். இதிலும் ஒரு சிக்கல்: ரசனை ஒத்துப்போவது மட்டும் போதாது. இருவருக்கும் ஒரே நூடுல்ஸ் கடை பிடிக்கும் என்பதற்கெல்லாம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

'ஜியின்' என்றால் இசையறிந்த நண்பன். யாழ் போன்ற 'சின்' வாசித்த போயாவையும், அதைக் கேட்டே அவர் மனத்தைப் படித்த ஜொங் சிச்சியையும் எல்லாரும் சொல்வார்கள்; சிச்சி ஒரு விறகுவெட்டி, அவர் இறந்ததும் போயா சின்னை உடைத்தார் என்பார்கள். ஆனால் பழைய 'லியேசி' நூலில் சிச்சி விறகுவெட்டி இல்லை, நண்பன் இறந்ததும் இசைக்கருவியை உடைக்கும் காட்சியும் இல்லை. உடைப்பது 'லூஷி சுன்ச்சியூ' என்ற இன்னொரு பழைய நூலில் வருகிறது. விறகுவெட்டி வேடம், 1624இல் ஃபெங் மெங்லொங் வெளியிட்ட கதைத் தொகுப்பால் பரவியது.