சிரிக்க வைத்தவர் காதலிக்கும்போது

நகைச்சுவை நடிகர் ஒருவர் காதல் நாயகனாக ஒப்பந்தமாகிப் பயிற்சிக்கு என்னிடம் வந்தால், முதலில் கேட்பது உடம்பைக் குறைக்க வேண்டுமா என்பதுதான். வேண்டாம். உங்கள் நடைக்காகவும் குரலுக்காகவும்தான் மக்கள் உங்களை நேசித்தார்கள். அவற்றோடுதான் நீங்கள் காதலிக்க வேண்டும்.

மாற்ற வேண்டியது வேறு. வசனம் முடிந்ததும் சிரிப்பொலிக்காக அரை நொடி காத்திருக்கும் பழக்கம் உங்கள் உடம்பில் ஊறியிருக்கும். மேடையில் அது வரம். காதல் காட்சியில் அந்த அரை நொடியில் உங்கள் கண் எதிரில் நிற்பவளை விட்டு விலகிவிடும். கேமராவுக்கு அது தெரிந்துவிடும்.

இதற்கு நான் தரும் பயிற்சி எளிது. டம்ளரின் விளிம்பு வரை சூடான காபி. அதைச் சிந்தாமல் கொண்டுபோய் உடன் நடிப்பவரிடம் கொடுக்க வேண்டும். வசனம் கிடையாது. முதல் தடவை அநேகமாக எல்லோரும் விரலை உதறி முகத்தைச் சுளிப்பார்கள். அறையே சிரிக்கும். மறுபடியும் செய்யச் சொல்வேன். ஏழாவது, எட்டாவது தடவையில் தன் விரல் சுடுவது மறந்துபோய், அவள் விரல் சுட்டுவிடுமே என்று டம்ளரை டவராவில் வைத்து நீட்டுவார். அங்கே நிறுத்திவிடுவேன்.

கதை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அவள் இவனை விரும்பக் காரணம் இருக்கிறதா? 2023இல் வந்த 'விடுதலை'யில் சூரி ஏற்ற போலீஸ்காரன் குமரேசன், உயிருக்குப் போராடும் பெண்ணை ஜீப்பில் ஏற்றிச் செல்கிறான். அதற்காக மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க மறுத்துத் தண்டனையை ஏற்கிறான். அப்படிப்பட்டவனை நாயகி தமிழரசி விரும்புவதில் வியப்பென்ன? 'இவனுக்கு இவளா' என்பதையே நகைச்சுவையாக்கும் கதை என்றால், சம்பளம் எவ்வளவு பெரிதானாலும் மறுத்துவிடுங்கள். அது உங்களையும் அவளையும் சேர்த்தே சிறுமைப்படுத்துகிறது.

1964இல் வெளியான 'சர்வர் சுந்தரம்' படத்தை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். நாகேஷ், கே.ஆர்.விஜயாவைப் பார்க்கும் பார்வையை மட்டும் கவனியுங்கள்.

காதல் காட்சிகளை முதல் வாரத்தில் வைக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, தளத்தில் லைட்மேன் சிரித்தால் டேக் நன்றாக வந்திருக்கிறது என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருப்பீர்கள். இப்போது அவர் சிரிக்கமாட்டார். பதறிப்போய் அடுத்த டேக்கில் ஒரு சேட்டையைச் சேர்த்துவிடாதீர்கள்.