அனுபவத்தைத் திறனாக மாற்றுவது எப்படி: கல்லூரி ஆசிரியர்களுக்கான வழிமுறை

களப்பணிக்கு அனுப்பிவிட்டால் குழுவாக உழைப்பதும் தெளிவாகப் பேசுவதும் மாணவர்களுக்குத் தாமாகவே கைவந்துவிடும் என்ற நம்பிக்கை பல துறைகளில் உண்டு. பெரும்பாலும் அது பொய்த்துப்போகிறது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கிய கூட்டுறவுக் கல்வித் திட்டத்தில், பொறியியல் மாணவர்கள் தொழிற்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் மாறி மாறிச் சென்றார்கள். வகுப்புக்குத் திரும்பி வரும் அந்த இடைவெளியைத்தான் இன்றைய பாடத்திட்டங்கள் எளிதில் கைவிட்டுவிடுகின்றன.

ஒரு பருவத்துக்கு ஓரிரு திறன்கள் போதும். ‘தலைமைப் பண்பு’ என்று பொதுவாக எழுதாமல், ‘கூட்டத்தில் எடுத்த முடிவை யார், எந்த நாளுக்குள் நிறைவேற்றுவது என்று எழுதி அனைவருக்கும் அனுப்புதல்’ என்பதுபோல் கண்ணால் காணக்கூடிய செயலாக வரையறுங்கள். வேலையின் பயனைப் பெறுபவர் வகுப்புக்கு வெளியே உள்ள ஒருவராக இருப்பது நல்லது. மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யும் பணியில் தவறுக்கு விலை இருப்பதில்லை.

அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய கற்றல் சுழற்சியில் அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், பொதுக் கருத்தை வகுத்தல், மீண்டும் செய்து பார்த்தல் என நான்கு நிலைகள் உள்ளன. நடு இரண்டுக்கும் நேரம் ஒதுக்குவதே ஆசிரியரின் முதன்மை வேலை. உதாரணமாக, நூலகப் பயனாளர்களிடம் கருத்துக் கேட்கும் படிவத்தை ஒரு குழு தயாரிக்கிறது. பலர் ஒரு கேள்வியை மட்டும் நிரப்பாமல் விடுகிறார்கள். ‘ஒற்றுமையாகச் செயல்படக் கற்றோம்’ என்று குழு எழுதித் தந்தால் அதை ஏற்காதீர்கள். எந்தக் கேள்வி, நீங்கள் எண்ணியது என்ன, படித்தவர் புரிந்துகொண்டது என்ன என்று கேளுங்கள். திறந்திருக்கும் நேரத்தையும் இருக்கை வசதியையும் ஒரே கேள்விக்குள் அடைத்துவிட்டது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும். அதிலிருந்து, ‘எழுதியதைப் பலருக்கு அனுப்புமுன் அறிமுகமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும்’ என்ற விதியை அவர்களே வகுக்கட்டும்.

அடுத்த சில வாரங்களுக்குள், அதே விதி முற்றிலும் வேறொரு பணியில், ஆய்வகச் செய்முறைக் குறிப்பிலோ நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்திலோ, பயன்படுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது தனியாகப் பழக வேண்டிய ஒன்று.

ஆசிரியர் விரும்பும் சொற்களை மாணவர்கள் வெகு விரைவில் கண்டுகொள்வார்கள் என்பதால், உருக்கமான சிந்தனைக் குறிப்புகளுக்கு மதிப்பெண் வழங்காதீர்கள். முதல் வரைவு, திருத்திய வரைவு, திருத்தத்துக்கான காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பணி தோற்றிருந்தாலும் காரணத்தைச் சரியாகக் கண்டவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பருவ இறுதியில் ஒவ்வொருவரும் தாம் மாற்றிக்கொண்ட ஒரு செயல்முறையை வேறு துறை மாணவர் ஒருவருக்கு விளக்கட்டும். கேட்டவர் அதைத் தம் பணியில் எங்கே பயன்படுத்துவார் என்று சொல்ல முடியாவிட்டால், விளக்கியவர் தம் குறிப்பை மீண்டும் எழுத வேண்டும்.